கப்பலும் போயிற்று, கறுப்புக் கோட்டும் போயிற்று!

"நீங்கள் யார்?"

இப்படி ஒருவர் கேட்டால் நாம் தயங்குவதில்லை. பெயரைச் சொல்லுவோம். ஊரைச் சொல்லுவோம். "பள்ளிக்கூட வாத்தியார்" என்போம். "மளிகைக் கடை வைத்திருக்கிறேன்" என்போம். "இன்னாருடைய மகன்", "இன்னாருடைய சம்சாரம்" என்போம். கேட்டவருக்கு அது போதும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

சரி. அந்தத் தொழில் போய் விட்டால்? கடை மூழ்கி விட்டால்? ஊரை விட்டே துரத்தி விட்டால்? சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பெயருக்குப் பதில் ஒரு நம்பரைக் கொடுத்து விட்டால்?

அப்போது யார் மிச்சம்?

தூத்துக்குடியில் ஒருவருக்கு இப்படி நடந்தது. நடந்ததோடு நிற்கவில்லை. "யார் மிச்சம்?" என்ற அந்தக் கேள்வியை அவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். சிறைக்குள் ஆராய்ந்தார். வெளியே வந்து, வறுமையிலும் ஆராய்ந்தார். சாவதற்கு முந்திய ஆண்டு வரையில் விடவில்லை.

அவர்தாம் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

"அட, கப்பலோட்டிய தமிழனா! அவர் கதைதான் தெரியுமே!" என்பீர்கள். உண்மைதான். சிவாஜி கணேசன் நடித்து 1961-இல் படமே வந்து விட்டது. ஆனால் கப்பல் கதை தெரிந்த அளவுக்கு அவர் படித்த கதை நமக்குத் தெரியாது. அந்தப் படிப்பு அவரை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முத்துக் கடல்

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை.

தூத்துக்குடி முத்துக்குப் பேர் போன ஊர். பாண்டியர் காலத்திலிருந்து இந்தக் கடலில் முத்துக் குளித்தார்கள். 1961-ஆம் ஆண்டோடு அது நின்று போயிற்று. பிறகு சங்கு குளிப்பதுதான் மிச்சம்.

முத்து எப்படிக் குளித்தார்கள் தெரியுமா?

தோணியிலிருந்து கயிற்றில் கட்டிய கனமான ஒரு கல்லை இறக்குவார்கள். குளியாள் அந்தக் கல்லின் மேல் காலை ஊன்றிக்கொள்வான். மூச்சை இழுத்துப் பிடிப்பான். கல் அவனைக் கிடுகிடுவென்று கீழே கொண்டு போகும். ஏழெட்டுப் பாகம் ஆழம். தரை தட்டியதும் காலைக் கல்லிலிருந்து எடுத்து விடுவான். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வாரிப் பையில் போடுவான். மூச்சு முட்டுகிறபோது கயிற்றை அசைப்பான். தூக்கி விடுவார்கள். எல்லாம் ஒரு நிமிஷத்துச் சங்கதி.

கல் இல்லாமல் ஆழத்துக்குப் போக முடியாது. போனபிறகு, "இது என் கல்" என்று கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது. நின்றால் பிணந்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டங்கள்

வ.உ.சி. பிறந்தது ஒட்டப்பிடாரத்தில். 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள். தகப்பனார் உலகநாத பிள்ளை பெயர் பெற்ற வக்கீல். பாட்டி மடியில் சிவன் கதை. தாத்தா பக்கத்தில் இராமாயணக் கதை. பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

பிள்ளையும் வக்கீல் ஆனார். 1900-இல் தூத்துக்குடிக்கு வந்தார். வரும்படி வந்தது. மரியாதை வந்தது.

அப்போதே அவர் வீட்டில் வேதாந்தப் பேச்சு உண்டு. கண் தெரியாத துறவி ஒருவர். பெயர் இராமையா தேசிகர். அவரை வ.உ.சி. தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். தேசிகர் வேறு சாதியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. உறவினர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் வ.உ.சி.யின் முதல் மனைவி வள்ளியம்மை முகம் கோணாமல் பரிமாறினார். அந்த அம்மாளுக்கு ஆயுள் குறைவு. சீக்கிரமே போய்விட்டார். அவர் செய்த உபசாரத்தை வ.உ.சி. மறக்கவில்லை. பின்னால் செய்யுளில் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் பாடி வைத்தார்.

சாதி என்ற சட்டையைக் கழற்ற, ஜெயிலுக்குப் போகிறவரையில் அவர் காத்திருக்கவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். வீட்டில், சோற்று இலைக்கு முன்னால், அந்தப் பாடம் தொடங்கி விட்டது.

பிறகு கப்பல் வந்தது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுக்க முன்வந்தார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி வயிறெரிந்து கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறேன், குடையும் தருகிறேன் என்றது.

வக்கீல் என்ற பட்டத்தின் மேல் கப்பல்காரர் என்ற பட்டம். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதை முன்னின்று நடத்தினார். இன்னும் ஒரு பட்டம்: தலைவர்.

1908 மார்ச் 12-ஆம் நாள் கைது செய்தார்கள். ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பு. ஜட்ஜ் பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் குறைந்தது. ஆனால் தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்து விட்டது. அது குறையவே இல்லை.

செக்கு

கோயமுத்தூர் ஜெயில்.

முதலில் சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றச் சொன்னார்கள். பேனா பிடித்த கை. தோல் உரிந்தது. ரத்தம் கசிந்தது. பிறகு எண்ணெய்ச் செக்கு. மாடு இழுக்க வேண்டியதை மனிதனை இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இப்போது சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனால் காட்டுங்கள்.

செக்கிழுத்தார், செக்கிழுத்தார் என்று நாம் சொல்லுகிறோம். மேடையில் சொல்லிக் கை தட்டுகிறோம். இழுக்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும்? உடம்பு வலி ஒரு பங்கு. மனவலி ஒன்பது பங்கு. "நான் வக்கீல். கோர்ட்டிலே நின்றால் எதிர் வக்கீல் பயப்படுவான். எனக்கா இந்தக் கதி? நான் கப்பல் வாங்கியவன். எனக்கா?" இப்படி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை நினைத்தால் போதும். நாலு நாளில் ஆள் உடைந்து போவான்.

மாட்டுக்கு அந்தத் துன்பம் கிடையாது. அதற்குக் கால்தான் வலிக்கும்.

இந்த இடத்தில்தான் புத்தகம் வருகிறது. பகலில் கூலியில்லாத வேலை. கிடைத்த நேரத்தில் படிப்பு. திருக்குறள் படித்தார். தொல்காப்பியம் படித்தார். ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தார். அதை எழுதியவர் ஜேம்ஸ் ஆலன். இங்கிலாந்தில் இல்ஃபிரகூம் என்ற சிறு கடற்கரை ஊரில் வாழ்ந்தவர். 1903-இல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயரே பைபிளில் நீதிமொழிகள் ஆகமத்திலிருந்து எடுத்தது. மனிதன் உள்ளத்தில் எதை நினைக்கிறானோ அதுவாகவே இருக்கிறான் என்பது கருத்து. வ.உ.சி. அதற்கு வைத்த தமிழ்ப் பெயர் 'மனம்போல வாழ்வு'.

பாருங்கள் இந்த வேடிக்கையை! வெள்ளைக்காரச் சர்க்கார் பூட்டி வைத்திருக்கிறது. உள்ளே இருக்கிறவர் ஒரு வெள்ளைக்காரருடைய புத்தகத்தை மதித்து மொழிபெயர்க்கிறார். "இவன் வெள்ளைக்காரன், இவன் எழுதியது எனக்கு எதற்கு?" என்று தள்ளவில்லை. எதிரி யார், எழுத்தாளன் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. பிற்காலத்தில் ஆலனின் இன்னும் சில நூல்களையும் தமிழில் தந்தார். 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்பவை அவை.

ஆலன் சொல்லுவதை எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. அவனவன் நிலைமைக்கு அவனவன் நினைப்பே காரணம் என்கிறார். அப்படியானால் வ.உ.சி.யைச் செக்கில் பூட்டியது வ.உ.சி.யின் நினைப்பா, பின்ஹேயின் தீர்ப்பா? ஏழை ஏழையாக இருப்பது அவன் நினைப்பினாலா? வாதம் அங்கே கொஞ்சம் நொண்டுகிறது. ஆனால் செக்கு வேறு, செக்கைப் பற்றிய நினைப்பு வேறு. முன்னதை வார்டர் தருகிறான். பின்னது நம் கையில் இருக்கிறது. அந்த மட்டில் புத்தகம் கைகொடுத்தது.

'என் சட்டை', 'என் உடம்பு'

வ.உ.சி. மனம் ஊன்றிய சாஸ்திரம் இன்னொன்று உண்டு. சிவஞான போதம். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் செய்தது. 12 சூத்திரங்கள். பன்னிரண்டும் சேர்ந்து 40 அடிகள். அவ்வளவுதான். ஒரு தாளில் எழுதி விடலாம். அதற்கு உரை எழுதியவர்கள் பெரிய பெரிய புத்தகமாக எழுதினார்கள்.

"சூத்திரம் என்றால் நமக்கு எங்கே புரியும்?" என்று பயப்பட வேண்டாம். மூன்றாவது சூத்திரத்தின் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுவோம்.

"என் சட்டை" என்று சொல்லுகிறோம். அப்படிச் சொல்லும்போது சட்டை வேறு, நான் வேறு என்று தெரிகிறது. சட்டை கிழிந்தால் வருத்தப்படுவோம். "நான் கிழிந்து விட்டேன்" என்று சொல்ல மாட்டோம். அதே மாதிரி "என் உடம்பு" என்றும் சொல்லுகிறோம். அப்படியானால் உடம்பும் நான் இல்லை, என்னுடையது.

அடுத்தபடி: தூங்கும்போது என்ன நடக்கிறது? உடம்பு பாயில் கிடக்கிறது. மூச்சு ஓடுகிறது. ஆனால் பசி தெரிவதில்லை. வேலை நடப்பதில்லை. கண், காது எல்லாம் ஒடுங்கி விடுகின்றன. உடம்பும் மூச்சும் இருந்தும் 'நான்' என்கிற ஆள் அங்கே ஆஜர் இல்லை. பிறகு விழித்ததும் "நன்றாய்த் தூங்கினேன்" என்கிறோம். ஆக, உடம்பும் இல்லை, மூச்சும் இல்லை, கண் காதும் இல்லை. இவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு வேலை வாங்குகிற உயிர் ஒன்று தனியே உண்டு.

இதுதான் மெய்கண்டார் நடத்துகிற விசாரணை. ஒரு வக்கீலுக்கு இது பிடிக்காமல் போகுமா? சாட்சிகளை ஒவ்வொன்றாய்க் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து, "நீ இல்லை, நீ இறங்கு" என்று அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

நம் வீட்டுப் பாஷையில் இந்த விசாரணையை நீட்டிப் பாருங்கள். "என் வேலை." அப்படியானால் வேலை நான் இல்லை. "என் பணம்." பணம் நான் இல்லை. "என் சாதி." அதுவும் நான் இல்லை. "என் மானம்." இந்த இடத்தில் கொஞ்சம் வலிக்கும். வலிக்கிற இடத்தில்தான் பிசின் ஒட்டியிருக்கிறது.

வேடர் குடிசையில் ராஜகுமாரன்

எட்டாவது சூத்திரத்தில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. உரைகாரர்கள் விரித்துச் சொல்லுவார்கள். குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

ஒரு ராஜகுமாரன். கைக்குழந்தையாக இருந்தபோது காட்டில் வேடர் கையில் அகப்பட்டுக்கொண்டான். அவர்கள் வளர்த்தார்கள். வேடர் உணவைச் சாப்பிட்டான். வேடர் பேச்சைப் பேசினான். வில்லும் கண்ணியும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போனான். "நீ யார்?" என்று கேட்டால், "நான் வேடன்" என்பான். பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் அரசன் தேடிக்கொண்டு வந்தான். "அப்பா, நீ என் மகன்" என்று சொன்னான். அந்த ஒரு சொல் போதும். பையனுடைய உடம்பில் எதுவும் மாறவில்லை. முகம் மாறவில்லை. ஆனால் வேடர் கூட்டம் அவனை விட்டுப் போயிற்று. அவன் அப்பனோடு போனான்.

வேடர் யார்? ஐந்து புலன்கள். அரசன் யார்? குருவாக வருகிற இறைவன். சாஸ்திரம் இப்படிச் சொல்லுகிறது.

வ.உ.சி.யின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. 'கைதி' என்பது வேடர் வைத்த பெயர். ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் 'கப்பல் முதலாளி' என்பதும் வேடர் வைத்த பெயர்தானே! அவமானத்தை மட்டும் "அது நானில்லை" என்று உதறி விட்டு, மாலை மரியாதையை "அது நான்தான்" என்று வைத்துக்கொள்ள முடியாது. இரண்டும் ஒரே பிசின். 'முதலாளி' என்பதை விட்டவனுக்குத்தான் 'கைதி' என்பது உறைக்காது.

நம்மில் பலர் கோயிலுக்குப் போய்க் கேட்பது என்ன? "சுவாமி, என் கஷ்டத்தை எடுத்து விடு, என் பெருமையை மட்டும் விட்டு வை." சாமி என்ன செய்யும், பாவம்!

முத்துக் குளிக்கிறவன் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வக்கீல் பட்டமும் தலைவர் பட்டமும் ஒருவனை ஆழத்துக்குக் கொண்டு போகிற கல். அது இல்லாமல் வ.உ.சி. கப்பல் வாங்கியிருக்க முடியாது. கல்லைப் பழிக்க வேண்டாம். தரை தட்டியபோது காலை எடுக்கத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

கைதிகளுக்குப் பாடம்

1910 கடைசியில் கண்ணனூர் ஜெயிலுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த சில கைதிகளுக்கு வ.உ.சி. நீதி நூல்களைச் சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்காகவே வெண்பாக்கள் எழுதினார். அதுதான் 'மெய்யறிவு' என்ற புத்தகம். வெளியே வந்த பிறகு 1915-இல் அச்சாயிற்று. குறளை வழிகாட்டியாக வைத்து எழுதிய 'மெய்யறம்' 1914-இல் வந்தது. அதில் 125 அதிகாரங்கள்.

மெய்யறிவின் முதல் அதிகாரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'தன்னை அறிதல்.' கொலை, கொள்ளை என்று உள்ளே வந்தவர்களுக்கு முதல் பாடம், "திருடாதே" என்று இல்லை. "நீ யார் என்று பார்" என்று இருக்கிறது. இது பெரிய மரியாதை. "நீ கொலைகாரன்" என்று கோர்ட்டு சொன்னது. ஊர் சொன்னது. பெற்ற தாய்கூடச் சொல்லியிருப்பாள். இவர் ஒருவர்தாம், "அது நீ செய்தது. நீ வேறு. உன்னை முதலில் பார்" என்று உட்கார வைத்துப் பேசுகிறார்.

விதியைப் பற்றி ஓர் அதிகாரம். மனத்தை ஆளுவதைப் பற்றி ஓர் அதிகாரம். இவற்றின் நடுவே இன்னோர் அதிகாரம் இருக்கிறது: 'உடம்பை வளர்த்தல்.' உடம்பு நானில்லை என்று சொல்லுகிற சாஸ்திரக்காரர், உடம்பைக் காப்பாற்று, வளர்த்துக்கொள் என்கிறார்! சணல் யந்திரத்தில் தோலுரிந்த கை எழுதியது இது. உடம்பு நானில்லை என்றால், அதைப் பட்டினி போடு, அழுக்காக வை என்று அர்த்தம் இல்லை. வாடகை வண்டியை இரவல் வாங்கினவன் அதைத் துடைத்துத்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்?

இந்த ஓர் அதிகாரத்துக்காகவே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் தனி மதிப்பு.

கதவு திறந்தது

1912 டிசம்பர் 24-ஆம் நாள் விடுதலை. ஏறக்குறைய நாலே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. கைதானபோது திருநெல்வேலியே கொதித்தது. சர்க்கார் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது. வெளியே வந்தபோது வாசலில் அந்தக் கூட்டம் இல்லை. சுப்பிரமணிய சிவாவும் ஒரு சிலரும் வந்திருந்தார்கள்.

கப்பல் கம்பெனி 1911-லேயே கலைந்து விட்டது. கப்பல்கள் விலை போயின. வக்கீல் சன்னது பறிபோனது. தூத்துக்குடிக்கும் போக முடியாத நிலை. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. மனைவி மீனாட்சி அம்மாள், குழந்தைகள், புத்தி கலங்கிய தம்பி. வயிறு காத்திருக்குமா?

இங்கேதான் எனக்கு ஒரு முக்கியமான விஷயம் படுகிறது. "எல்லாம் மாயை" என்று சொல்லுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அவர்களுக்கு வேதாந்தம் ஞாபகம் வரும். பெண்டாட்டி அரிசி இல்லை என்று சொல்லும்போது துறவு பேசுவார்கள். பற்றை விட்டதாகச் சொல்லி, பொறுப்பை விடுகிற கூட்டம் அது. வ.உ.சி. அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

தென் ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்காகப் பணம் திரட்டியிருந்தார்கள். அது காந்தியடிகளிடம் வந்திருந்தது. வ.உ.சி. கடிதம் எழுதினார். பதில் வந்தது. பணம் வரவில்லை. மறுபடி எழுதினார். மறுபடியும் எழுதினார். 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

இதைப் படித்தால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். "கப்பலோட்டியவர் 347 ரூபாய்க்குக் கடிதம் எழுதலாமா?" என்பார்கள். ஏன் எழுதக் கூடாது? குழந்தைகள் பசியோடு இருக்கின்றன. பணம் அவருக்கென்று கொடுத்தது. "நான் பெரிய மனிதன், போய்க் கேட்பதா?" என்று அவர் நினைத்திருந்தால், அந்தப் 'பெரிய மனிதன்' என்கிற சட்டையைக் காப்பாற்றக் குழந்தைகளைப் பட்டினி போட்டதாக ஆகியிருக்கும். கேட்க வெட்கப்படாததுதான் சட்டை கழன்றதற்கு அடையாளம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அந்த வறுமையின் நடுவிலும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையை அச்சிட்டார். 'நான்', 'எனது' என்ற இரண்டு செருக்கையும் விட்டவனைப் பற்றி வள்ளுவர் துறவு அதிகாரத்தில் பேசுகிறார். அந்த அதிகாரத்தை அச்சுப் பிழை திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். கையில் காசு இல்லை. ஏட்டிலோ, காசு உன்னுடையது இல்லை என்று எழுதியிருக்கிறது!

முழுத் துறவி என்று அவரைச் சொல்ல மாட்டேன். கோபம் இருந்தது. அபிப்பிராய பேதம் இருந்தது. 1920-இல் ஒத்துழையாமை விஷயத்தில் ஒத்துப் போகாமல் காங்கிரசை விட்டு விலகினார். பிடிவாதக்காரர்தான். சாஸ்திரம் படித்தால் கோபம் அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோபத்தின் மேல் 'நான்' என்று எழுதி ஒட்டாமல் இருந்தால், அதுவே பெரிது.

நன்றியை மட்டும் அவர் விடவில்லை. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முயன்று அவருக்கு வக்கீல் சன்னதைத் திருப்பித் தரச் செய்தார். வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியால் செக்கிழுத்தவர், வெள்ளைக்காரர் ஒருவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார். 'பகைவன்' என்கிற சீட்டையும் அவர் எல்லோர் நெற்றியிலும் ஒட்டவில்லை.

மீண்டும் கடற்கரை

கோயமுத்தூர், கோவில்பட்டி என்று எங்கெங்கோ இருந்து விட்டு, 1932-இல் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தார். அதே கடல். அதே துறைமுகம். அவருடைய கப்பல்கள் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1935-இல், சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. பண்டிதர்களுக்கு மட்டும் என்று இருந்த நூலை, சாதாரண மனிதன் எடுத்துப் படிக்கும்படி எளிய தமிழில் சொல்லப் பார்த்தார். "என் உடம்பு" என்கிறோமே, அந்த மூன்றாம் சூத்திரம். ராஜகுமாரன் வருகிற எட்டாம் சூத்திரம். அறுபது வயது தாண்டியவர், எல்லாம் வந்து எல்லாம் போனவர், அவற்றுக்குப் பொருள் எழுதினார். புத்தகத்திலிருந்து மட்டும் எழுதியிருப்பாரா?

நம் வீடுகளில் முன்பு ஒரு வழக்கம் உண்டு. இரவுச் சாப்பாடு ஆனதும், எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து இராமாயணமோ, பெரிய புராணமோ நாலு பக்கம் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். தூத்துக்குடியில் மாதா கோயில் தெருக்களில் வேதாகமம் படித்தார்கள். முஸ்லிம் வீடுகளில் திருக்குர்ஆன் ஓதினார்கள். வேகமாகப் படித்து முடிப்பவருக்குப் பரிசு எதுவும் கிடையாது. ஒரு வரியைப் படித்து விட்டு, "இது யாரைப் பற்றி?" என்று கேட்டுக்கொண்டால் அன்றைக்கு அது போதும். இராவணனைப் பற்றிப் படிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்தால், படிப்பு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் மெல்லத்தான் படிக்க முடியும். சாஸ்திரத்தை அப்படித்தான் படிக்க வேண்டும். சிறையில் அந்தக் கைதிகளும் அப்படித்தான் மெல்ல மெல்லப் படித்திருப்பார்கள்.

1936. உடம்பு தளர்ந்தது. போவதற்கு முன் வ.உ.சி. தம் கடன்களை எழுதி வைத்தார். கடைப் பாக்கிகளைக்கூட விடவில்லை. ஒரு காலத்தில் 10 லட்ச ரூபாய்க் கம்பெனிக்குக் கணக்குப் பார்த்த கை, துணிக்கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க்கடைக்கு இவ்வளவு என்று எழுதியது. தனக்கு என்று ஒன்றும் இல்லை. பிறருக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் ஞாபகம் இருந்தது.

தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். நண்பர் பாரதியின் பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கேட்டார். 1936 நவம்பர் 18-ஆம் நாள், தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். கொழும்பிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிற கப்பல்கள் 'வ.உ.சிதம்பரனார் துறைமுகம்' என்ற பெயருக்குள் நுழைகின்றன. கிண்டியில் செக்கு நிற்கிறது. 'மெய்யறிவு' மறுபதிப்பாகப் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. சின்னப் புத்தகந்தான். முதல் அதிகாரத்தில் பத்துப் பாட்டு. நாளைக்கு ஒன்று என்று படித்தால் பத்து நாள்.